ஆறு மூளைக்கும் ஒரே சிவப்பு

தெருவில் அவளுக்கு மண்டைக்காரி என்று பெயர். விலங்கியல் படித்துவிட்டு, மண்டை ஓடு, மூளை, எலும்பு என்று கல்லூரிகளுக்கு பிளாஸ்டர் மாதிரிகள் செய்து பிழைக்கிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்களாம்? அவளும் கோபித்துக்கொண்டதில்லை. சில்லறைக் காரியங்களுக்கெல்லாம் அவள் கோபத்தைச் செலவழிப்பதில்லை.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. அங்கே அவளோடு அண்ணனும் உட்கார்ந்து வேலை செய்வார். லாரி ஓட்டியவர். விபத்தில் தலையில் அடிபட்டு வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. காதும் புத்தியும் எங்கேயும் போகவில்லை. பார்க்க வருகிற உறவுக்காரர்களுக்குத்தான் அது ஏறவே இல்லை. அவர் எதிரிலேயே, "பாவம், மேல்மாடி காலி" என்பார்கள். அவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வழியனுப்பி வைப்பாள்.

புதிய அருங்காட்சியகத்தில் மூளைக் கூடம் ஒன்று திறக்க இருந்தார்கள். மீன், தவளை, பல்லி, கோழி, ஆடு, மனிதன் என்று ஆறு மூளைகள் அவள் பொறுப்பு. சரியாக முடித்தால் அங்கேயே நிரந்தர வேலை. வாடகைக்கும் அண்ணனின் மருந்துக்கும் அந்த வேலையைத்தான் நம்பியிருந்தாள்.

ஆறையும் ஒரே நீளத்துக்குச் செய்தாள். அளவு மறைந்தால்தான் அமைப்பு கண்ணில் படும். முதுகெலும்புள்ள எந்தப் பிராணிக்கும் முன்மூளை, நடுமூளை, பின்மூளை உண்டு. பல கோடி வருஷமாக அதே வீடுதான். ஒருவருக்கு இந்த அறை பெருத்திருக்கும், இன்னொருவருக்கு அந்த அறை. கோழிக்குச் சிறுமூளை பெரிது. தவளைக்கு அது ஒரு கீற்றுதான், ஆனால் இருக்கிறது. அதனால் ஒரு கிண்ணத்தில் ஒரு வர்ணம் கலந்தால், அந்தப் பாகத்தை ஆறிலும் பூசி முடித்துவிட்டுத்தான் அடுத்த கிண்ணம். பெருமூளைச் சிவப்பு அண்ணனுடைய பங்கு. இடக் கையால் பூசினாலும் கோடு தாண்ட மாட்டார்.

ஒரு காலையில் கூடத்தின் அதிகாரி வந்தார். வரிசையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது எடுபடாதும்மா. இப்படிச் செஞ்சு குடுங்க" என்று ஒரு படத்தை மேசையில் விரித்தார். மனிதத் தலைக்குள் மூன்று மாடி. கீழே பல்லி, நடுவில் ஆடு, உச்சியில் மனிதன்.

"பல்லிமேல ஆடும், ஆட்டுமேல மனுஷனும் ஏறி மூளை வளரல சார். நீங்களும் இதே படிப்புதானே படிச்சீங்க?"

"எனக்கும் தெரியும்மா. ஆனா ஜனங்களுக்கு மாடிதான் புரியும். பசி, பயம், கோபமெல்லாம் கீழ்மாடி, அறிவு மேல்மாடி. இதைச் செஞ்சீங்கன்னா உங்க வேலை உறுதி."

அவள் உடனே மறுத்துவிடவில்லை. ஒரு பொம்மைதானே, கண்ணை மூடிக்கொண்டு செய்து தொலைத்தால் என்ன என்றுதான் தோன்றியது.

அவள் குனிந்து படத்தை உற்றுப் பார்த்ததை அதிகாரி சம்மதமாக எடுத்துக்கொண்டார். குஷியில் விளக்கம் வேறு. "தலையில அடிபட்டவங்களப் பாருங்க. மேல்மாடி இடிஞ்சுடும். அப்புறம் உள்ள இருக்கிறது வெறும் பல்லிதான். சாப்பிடும், தூங்கும், கோபப்படும்." சொல்லும்போதே அவர் கண் அண்ணன் பக்கம் போய்த் திரும்பியது.

கோழி மூளைமேல் அண்ணனின் தூரிகை நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. தங்கை அதைப் பார்த்தாள். இதுவரை செலவழிக்காமல் வைத்திருந்ததெல்லாம் மொத்தமாகக் கிளம்பியது.

"கோபம் பல்லியோடதுன்னீங்க. எனக்கு இப்ப வர்ற கோபத்துல என் அண்ணன் இருக்கார், நீங்க சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இருக்கு, வாடகைக்கு என்ன பண்றதுங்கிற யோசனையும் இருக்கு. இது ஒரு மாடியிலேருந்து வரல சார். மொத்த மூளையும் சேர்ந்துதான் கோபப்படுது. உங்க மூணு மாடி வீட்ட வேற யாராவது கட்டட்டும்."

"வேலை போயிடும்மா."

"போகட்டும். இந்த ஆறையும் ஒரே மட்டத்துல வைக்கிறதா இருந்தா எடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா இங்கயே இருக்கட்டும்."

அதிகாரி படத்தைச் சுருட்டக் கை நீட்டினார். அதற்குள் அண்ணன் இடக் கையால் அதைத் தன் பக்கம் இழுத்தார். தூரிகையில் மிஞ்சியிருந்த சிவப்பை, கீழ்மாடியிலிருந்து உச்சிவரை, பொறுமையாக அதில் துடைத்தார். பிறகு நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார்.

"நல்லாத் தொடச்சுக்கோங்கண்ணே" என்றாள் தங்கை. "இன்னும் ஆடும் மனுஷனும் பாக்கி இருக்கு."