ஆடி மாதமும் என் பாலிசியும்

வீட்டுக்காரர் நெருப்பு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் தங்கள் கட்டிலுக்கும் அதில் பங்கு உண்டு என்று வாடகைக்கு இருப்பவர்கள் பலர் நம்பினார்கள். பினாங்கில் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியின் இன்சூரன்ஸ் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு, அந்த நம்பிக்கையைக் கலைப்பது அன்றாட வேலை. வீட்டுக்காரரின் பாலிசி சுவருக்கும் கூரைக்கும் மட்டுமே. உள்ளே இருக்கும் சாமானுக்குக் குடியிருப்பவர் தனியாக எடுக்கவேண்டும். அதுவும் பாலிசியில் எழுதிய விலாசத்தில் சாமான் இருக்கும்வரைதான் செல்லும்.

சூலியா தெருவில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிக்கு நான் அப்படியொரு பாலிசி எடுத்திருந்தேன். அதில் கட்டில், பீரோ எல்லாம் இருந்தாலும், முக்கியமானது என் மனைவியின் தையல் மெஷின். தெருவில் பாதிப் பெண்களுக்கு அவள்தான் ரவிக்கை தைத்தாள்.

முப்பதுகளின் தொடக்கத்தில் ஆர்கைல் ரோட்டில் வேறு வீடு பார்த்தோம். ஆனி கடைசி நாளில் அங்கே பால் காய்ச்சினோம். முறை தெரிந்தவன் ஆயிற்றே, அன்றைய தேதியிலிருந்து பாலிசியின் விலாசத்தைப் புது வீட்டுக்கு மாற்றி, துரையிடம் முன்கூட்டியே கையெழுத்தும் வாங்கியிருந்தேன். மாட்டு வண்டிதான் வரவில்லை. மறுநாள் ஏற்றிவிடலாம் என்றேன்.

"நாளைக்கு ஆடி பொறக்குதுங்க. ஆடியில யாராச்சும் சாமான ஏத்துவாங்களா?" என்றாள் மனைவி.

"பால்தான் காய்ச்சியாச்சே. குடி வந்த மாதிரிதானே?"

"நாம வந்தாச்சு. சாமான் ஆவணியில வரட்டும்."

அந்த மாதம் காகிதப்படி ஆர்கைல் ரோட்டிலும் பாய்ப்படி சூலியா தெருவிலும் வசித்தோம். விலாசத்தைத் திரும்ப மாற்றியிருக்கலாம். ஒரே ஒரு சீட்டு போதும். ஆனால் துரையிடம் போய் ஆடி மாதத்தை ஆங்கிலத்தில் விளக்க வெட்கமாக இருந்தது. ஒரு மாதம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஆடி பாதியில் ஒரு மத்தியானம், பக்கத்துக் கடையில் தீப்பிடித்தது. சீனர்கள் சாமிக்கு எரிக்கும் காகிதம் விற்கும் கடை அது. நான் ஆபீசிலிருந்து ஓடி வந்தபோது எங்கள் மாடியில் பாதி இல்லை. மனைவி எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள்.

"தீயணைக்கற பொம்பாக்காரங்க வந்து தண்ணி அடிச்சுப் பாத்தாங்க. மெஷின எடுக்க முடியல. போவட்டும், நீங்கதான் இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்களே" என்றாள்.

பதில் தெரிந்திருந்தும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். சாமான் ஏன் அங்கே இருந்தது என்று துரை கேட்டார். இப்போது ஆடியை விளக்கித்தான் ஆகவேண்டியிருந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, வழக்கமான கடிதத்தைத் தயார் செய்யச் சொன்னார்.

மறுப்புக் கடிதங்கள் என் மேஜையின் வேலை. 'மிகவும் வருந்துகிறோம்' என்று தொடங்கும் அந்தப் பத்தியும் பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிக்கொடுத்ததுதான். எனக்கு நானே தட்டச்சு செய்தேன். பதிவேட்டில் இருந்த விலாசத்துக்கே அது தபாலில் போனது. காலி வீட்டின் கதவடியிலிருந்து எடுத்து வந்து, எரியாத பாதி மாடியில் இருந்த மனைவிக்குத் தமிழில் படித்துச் சொன்னேன்.

"இல்லைங்கறதக்கூட மரியாதையாத்தான் சொல்லியிருக்காங்க. யாரு எழுதுனது?"

"நான்தான்."

கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள்.

"அப்ப மெஷினையும் நீங்களே வாங்கிக் குடுங்க."

வாங்கிக் கொடுத்தேன். ஆவணி பிறந்த பிறகு.