வெல்டர் செய்த கடைசித் தொட்டி

அந்தப் பட்டறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி அட்டை. எவ்வளவு தகடு போனது, யார் எவ்வளவு நேரம் உழைத்தார்கள், வாடகையிலும் மின்சாரத்திலும் அந்த வேலையின் பங்கு என்ன என்று கூட்டி, அடக்க விலை சொல்வது அவள் பொறுப்பு. அங்கே வெல்டராக இருந்தவரையே கட்டிக்கொண்டாள். நேரம் எழுத மறந்துவிட்டு அவள் ஜன்னலில் வந்து நின்று அசடு வழிவார். "வீட்லயும் கணக்கு கேக்குற, இங்கயுமா?" என்பார்.

ஒரு காலையில், பட்டறை வாசலிலேயே மாரடைப்பில் அவர் போய்விட்டார்.

அவள் வேலைக்குத் திரும்பியபோது மேசைமேல் இருந்தது, அவர் கடைசியாகச் செய்த பால் தொட்டியின் அட்டை. அவருடைய நேரத்துக்குக் கீழே புது வெல்டரின் நேரமும் ஏறக்குறைய அதே அளவு ஏறியிருந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மூடி மட்டும்தானே பாக்கி இருந்துச்சு? புது ஆளுக்கு எப்படி இவ்வளவு நேரம்?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "தண்ணி நிரப்பிப் பார்த்தோம்மா. பத்தவச்ச இடமெல்லாம் ஒழுகுச்சு. பழைய வெல்டிங்கை அரைச்செடுத்துட்டு மறுபடி போட்டோம்."

"அவர் போட்டதா ஒழுகுச்சு?"

"கை மரத்துப்போகுதுன்னு சொல்லிட்டே இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போடான்னேன். வேலை முடியட்டும், வீட்ல சொல்லிடாதீங்க, அவ பயந்துடுவா'ன்னான்."

அந்த நாட்களில் சாப்பாட்டுப் பையை அவளிடமே கொடுத்துவிட்டுக் கைவீசி நடந்து வந்தார். "துரைக்குப் பை தூக்கவும் ஆள் வேணுமோ?" என்று அவள்தான் கேலி செய்தாள். அவரும் சிரித்தார்.

முதலாளி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவன் நேரத்தை எடுத்துடும்மா. ஒரே வேலைக்கு வாங்குறவங்ககிட்ட ரெண்டு கூலி கேக்க முடியாது."

"தகட்டை வளைச்சது, தொட்டிக்குக் கால் வச்சது எல்லாம் அவர்தான் சார். அது இருக்கட்டும். திருத்தின நேரத்தைப் பட்டறைப் பொதுச் செலவுல சேர்த்துடறேன்."

"அது மத்த வேலைங்க மேல ஏறுமே?"

"ஏறும் சார். கொஞ்சம் கொஞ்சமா."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அப்படியே போடு" என்றார் முதலாளி.

அவள் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். தப்பில்லாமல் போட்டு முடித்த பிறகுதான் அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டும் அது அடங்கவில்லை.

தொட்டி லாரியில் ஏறியதும் மேஸ்திரி வந்தார். "தொட்டிக் கால்ல அவன் வச்ச வெல்டிங் அப்படியேதான் இருக்கு. ஒரு தடவை பாத்துக்கோம்மா."

போய், அந்தக் காலைத் தடவியபடி நின்றாள். லாரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.