காற்றை அளந்த வளவு

நான்கு யோகட் கோப்பைகள், பழைய சைக்கிள் சக்கரத்தின் அச்சு, ஒரு சிறு காந்தம். பௌதிகவியல் இறுதியாண்டு ஆய்வுக்கு நாங்கள் செய்த காற்றுமானி அவ்வளவுதான். அதைச் சரிபார்க்க, காற்றசையாத ஒரு விடியலில் மன்னார்ப் பாலத்து வீதியில் நான் மோட்டார் சைக்கிள் ஓட்டினேன். என் ஆய்வுத் தோழி பின்னால் அமர்ந்து அதை உயர்த்திப் பிடித்திருந்தாள். நான் வேகத்தை உரக்கச் சொல்ல, அவள் சுற்றுகளைச் சொன்னாள்.

அவளுடைய குடும்பம் தோட்டவெளிக் கிராமத்தில் வாடகைக்கு இருந்தது. கடற்கரையில் இருந்த சொந்தக் காணி, அவள் சிறுமியாக இருந்தபோதே படைமுகாமுக்குள் போய்விட்டது. அந்த முகாமுக்குச் சற்றுத் தள்ளித்தான் காற்றுமானியைப் பொருத்திய கம்பத்தை நட்டோம். மறுநாள் அதைக் காணவில்லை. வயர் தொங்கும் கம்பம் என்று சந்தேகப்பட்டுப் படையினர் பிடுங்கிப் போயிருந்தார்கள். கேட்கப் போனபோது, ஓரளவு தமிழ் தெரிந்த அதிகாரி கோப்பைகளை ஊதிச் சுழலவிட்டுப் பார்த்தார்.

"வெளியே வேணாம். உள்ளுக்கு வைங்க."

அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். "இடத்தை நான் பாக்கிறன்," என்று உள்ளே நடந்தாள். மரமோ சுவரோ மறைக்காத வெட்டவெளியில் நின்றாள். மணலுக்குள் அத்திவாரக் கல் தெரிந்தது. "இதுதான் எங்கட விறாந்தை," என்றாள். பிறகு சுத்தியலைக் கேட்டாள். ஆய்வுக்கு வேண்டிய நிபந்தனையை அந்த வெறுமை நன்றாகவே நிறைவேற்றியது.

அன்று மாலை அவளுடைய தாயார் வாசலிலேயே காத்திருந்தார்.

"வீடு நிக்குதோ பிள்ளை?"

"கிணறு நிக்குதம்மா. தண்ணியும் கிடக்கு."

தாயார் மாதா படத்தடியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

தென்மேற்குக் காற்று ஓயும்வரை வாரந்தோறும் முகாம் வாசலில் பெயர் பதிந்து, உள்ளே போய் அளவீடு எடுத்தோம். ஆய்வுக்கான நேர்முகத் தேர்வில் பரிசோதகர் பாராட்டினார். "தடையே இல்லாத நல்ல இடம். எப்பிடிப் பிடிச்சனீங்கள்?"

"முந்தி அதில எங்கட வீடு இருந்தது, சேர்."

அவர் அறிக்கையின் பக்கத்தைப் புரட்டி, அளவீட்டு வழுக்களைக் கணித்த விதத்தைக் கேட்டார். அதற்கும் அவள் அதே குரலில் பதில் சொன்னாள்.

இப்போது நான் பாடசாலையில் பௌதிகவியல் கற்பிக்கிறேன். அந்தக் காணியைச் சென்ற ஆண்டு படையினர் விடுவித்துவிட்டார்கள். அதே அத்திவாரத்தில் வீடு எழும்பியிருக்கிறது. குடிபுகுதலுக்கு அழைக்கத் தொலைபேசியில் பேசிய தோழி, இடையில் சிரித்தாள்.

"இனி அதில காத்து அளக்கேலாதடி. சுவர் மறைக்குது."