உங்க பேர் என்ன, மாமா?

போன செவ்வாய்க்கிழமை, காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரி. கையில் ஊசி ட்ரேயோடு நின்ற ஒரு மருமகள், தன் சொந்த மாமனார் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க பேர் என்ன?"

நான் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். கண்ணால் கண்ட சாட்சி.

ஒரே வீட்டில் இருக்கிறவர்கள். தினமும் அவள் ஆக்கிப் போட்டதைச் சாப்பிடுகிற மனுசன். அவரைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா? திமிரா, மறதியா, குடும்பச் சண்டையா?

மூணும் இல்லை சாமி. நாலு வருஷப் படிப்பு அது. முழுசாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். கொஞ்சம் உட்காருங்கள்.

முதலில் என் பேர். வாரா வாரம் இந்தப் பக்கத்தின் தலையில் அச்சாகிறதே, அதேதான் — முத்துக்கருப்பன். அப்பாவைப் பெத்த தாத்தா பேர். அவருக்கு அவருடைய தாத்தா பேர். எங்கள் பக்கம் புதுப் பேர் தேடி யாரும் அலைவதில்லை, வீட்டில் இருக்கிற பேரையே திருப்பித் திருப்பி வைத்துக்கொள்வோம். டீக்கடையில் "முத்துக்கருப்பா" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலைந்து தலை திரும்பும்.

மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். ஆக, எங்க ஆத்தா பெத்த பிள்ளையை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பெரியதம்பி"தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் பையன் பேரைக் கேட்க, ஆத்தா என் தோளைத் தட்டி, "நீயே சொல்லுப்பா" என்றார்களாம். சிரிப்பாகத்தான் இருக்கிறது, இல்லையா?

போன வருஷம் எனக்கு வலது காலில் புண். சர்க்கரைக்காரன் கால் புண் லேசில் விடுமா? கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டார்கள். ஆறாம் கட்டில், ஜன்னல் ஓரம். பக்கத்துக் கட்டிலில் வலையபட்டிக்காரர் ஒருவர், குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவர். காது கொஞ்சம் மந்தம். எதைக் கேட்டாலும் "ஆமா" என்று சொல்லிவிடுவார். நல்ல மனுசன்.

நான் சேர்ந்த அன்றைக்குச் சாயங்காலம் என்னை வீல்சேரில் வைத்து எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம் நான் போக, இந்தப் பக்கம் வலையபட்டிக்காரர் எழுந்து என் கட்டிலில் படுத்துவிட்டார். இங்குட்டுக் காத்து நல்லா வருதாம். நம்ம ஆஸ்பத்திரிகளில் இது சகஜம்தானே? பஸ்ஸில் ஜன்னல் சீட்டு காலியானால் மாறி உட்காருகிற மாதிரி, கட்டிலும் மாறிக்கொள்வோம்.

அந்த நேரம் பார்த்து எனக்குப் போட வேண்டிய இன்சுலின் ஊசியோடு வந்தாள் ஒரு நர்சிங் மாணவி. பேர் காளீஸ்வரி. அந்த வார்டில் அவளுக்கும் அன்றைக்குத்தான் முதல் நாள், என் முகம் தெரியாது. ஊசி போடும் முன் நோயாளியிடம் பேர் கேட்க வேண்டும், கையில் கட்டியிருக்கிற பட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பிறகு பக்கத்தில் நிற்கும் இன்னொரு நர்ஸிடம் அந்தப் பேரையும் மருந்தையும் அளவையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்சுலின் விஷயத்தில் அங்கே இது கறாரான விதி.

அவள் என்ன செய்தாள்? கேஸ் ஷீட்டில் இருந்த பேரை விரலால் தொட்டுக் காட்டி, "இதானே ஐயா உங்க பேரு?" என்று கேட்டாள். கண்ணாடி இல்லாத வலையபட்டிக்காரர், வழக்கம்போல, "ஆமாத்தா" என்றார். அவர் கையோ போர்வைக்குள் இருந்தது.

சரிபார்க்க வந்தவர் இன்சார்ஜ் ஸ்டெல்லா சிஸ்டர். பேஷண்ட் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். "ஆறாம் கட்டில் சிஸ்டர்" என்றாள் காளீஸ்வரி.

"கட்டிலுக்கா ஊசி போடப் போற?"

சரியாக அப்போதுதான் என் வீல்சேர் உள்ளே நுழைந்தது. என் கட்டிலில் வேறொருவர் ஜம்மென்று படுத்திருக்கிறார். சிஸ்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், போர்வையை விலக்கிக் கைப்பட்டையைப் பார்த்தார். மறுநாள் ஆபரேஷன் என்று வயிற்றைக் காயப்போட்டிருந்த மனுசன் அவர். சர்க்கரையே இல்லாதவருக்கு, வெறும் வயிற்றில், என் இன்சுலின்... சர்க்கரை இறங்கி ஆளே போயிருப்பார்.

ஊசி போடவில்லை. தப்பித்தது. ஆனால் சிஸ்டர் விடவில்லை. பேரை ஏன் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டார். காளீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு, காத்துப் பாதி குரல் பாதியாகச் சொன்னாள்.

"அது எங்க மாமா பேரு சிஸ்டர்."

கூட நின்ற சின்னப் பிள்ளைகள் — எல்லாம் இருபது வயது மாணவிகள் — கொல்லென்று சிரித்துவிட்டார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. இனி என் கட்டில் காளீஸ்வரி பொறுப்பு என்றார். பேரை வாய்விட்டுப் படிக்கிற அன்றைக்குத்தான் செய்முறைத் தேர்வுக்குக் கையெழுத்துப் போடுவாராம். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் கடைசிப் பரீட்சை இல்லை, பரீட்சை இல்லாவிட்டால் நர்ஸ் என்ற பதிவும் இல்லை. அப்புறம் பழையபடி படுக்கை விரிப்பு மாத்தப் போக வேண்டியதுதான்.

படுக்கை விரிப்பு என்று சும்மா சொல்லவில்லை. காளீஸ்வரி அதே ஆஸ்பத்திரியில் பல வருஷம் வார்டு உதவியாளராக இருந்தவள். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, பெட்பேன் எடுப்பது, தரை துடைப்பது. நிர்வாகத்துக்குச் சொந்தமாக ஒரு நர்சிங் காலேஜ் உண்டு. பிளஸ் டூவில் சயின்ஸ் படித்த தங்கள் ஆட்களை அவர்களே சேர்த்துக்கொண்டு, வேலையும் பார்த்துக்கொண்டே பி.எஸ்ஸி. நர்சிங் படிக்க வழி செய்தார்கள். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் வார்டு. காளையார்கோவில் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், மாமனார் விவசாயம், ரெண்டு பிள்ளைகள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, தன் பிள்ளைகளை விடக் கொஞ்சமே பெரிய பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள்.

எதற்குத்தா இந்த வயசில் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். காலில் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"எல்லாம் முடிஞ்ச பெறகுதான்யா ஆயாவைக் கூப்பிடுவாக, துணி மாத்த. எனக்கு முதல் ஆளா உள்ள வரணும்."

எழுதிப் பிழைக்கிறவன், அதை அப்படியே குறித்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் பேர்? அது வரவே இல்லை. ரொம்பக் கட்டுப்பாடான மருமகள் பாருங்கள் — பேரில் "கருப்பு" இருக்கிறது என்று கருப்பட்டியைக்கூடப் "பனைவெல்லம்" என்றுதான் சொல்வாளாம். "முத்து" இருக்கிறதே! மீனாட்சிபுரம் முத்துமாரி கோயில் அவள் வாயில் "அந்த ஆத்தா கோயில்" ஆகிவிடும். இப்படிப் பழகிய நாக்கு ஓர் உத்தரவில் திரும்புமா?

தினமும் வருவாள். ஷீட்டைப் பிடிப்பாள். "பேஷண்ட் பேர்..." என்று ஆரம்பிப்பாள். "மு" வரைக்கும் வரும், வண்டி நின்றுவிடும். கழுத்தெல்லாம் வேர்த்துவிடும். வேறொரு மாணவி படிப்பாள், எனக்கு ஊசி ஏறும். சிஸ்டர் கையெழுத்துப் போடாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

பார்க்கப் பாவமாக இருந்தது. சிஸ்டரிடம் சொல்லி உனக்கு வேறு கட்டில் மாத்தித் தரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். காளீஸ்வரிக்குச் சுருக்கென்று வந்ததே கோபம்!

"இந்தக் கட்டில்ல தப்பிச்சா அடுத்த கட்டில்ல வருவாகய்யா. நம்ம ஊர்ல இந்தப் பேருக்கா பஞ்சம்? அன்னைக்கு அந்த ஐயாவுக்கு ஊசி ஏறியிருந்தா, எங்க மாமாவுக்குக் குடுத்த மரியாதைன்னு நான் சொல்ல முடியுமா?"

எப்பேர்ப்பட்ட கேள்வி! எத்தனை பத்தி எழுதினாலும் எனக்கு இப்படி ஒன்று வராது.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் துணிகள் அடுக்கி வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் வீட்டம்மா அந்த வழியே போகும்போது, உள்ளே யாரோ என் பேரை முனகுவது கேட்டுப் பதறிப்போய்விட்டார்கள். "உங்களை யாரோ மந்திரிக்கிறாங்க" என்று என்னிடம் ஓடி வந்தார்கள். விளக்கம் சொல்லிப் புரிய வைப்பதற்குள் எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது.

பிறகு ஒருநாள் மத்தியானம். ட்ரே வந்தது. சிஸ்டர் பக்கத்தில். காளீஸ்வரி என்னிடம் முழுப் பேரையும் கேட்டாள், சொன்னேன். கைப்பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணை மூடவில்லை, தலையைக் குனியவில்லை.

"பேஷண்ட் பேர், மெ. முத்துக்கருப்பன்."

வார்டு முழுக்கக் கேட்டது. மருந்தும் அளவும் தொடர்ந்து வந்தன, தங்குதடை இல்லாமல். ஊசி போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலியில் இல்லை... எங்க ஆத்தா ஞாபகம். அவர்கள் குரலில் என் பேர் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அதை விடுங்கள்.

காளீஸ்வரி துணி அறைக்குள் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஏழாம் கட்டிலுக்குப் போய், ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த வலையபட்டிக்காரரிடம் காதோரம் குனிந்து, "ஐயா, உங்க பேர் என்ன?" என்று கேட்டாள். அவர் "ஆமா" என்றார். அவள் விடாமல் மறுபடி கேட்டாள். சிஸ்டர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இத்தோடு முடிந்தால் சுபம். முடியுமா? நம்ம ஊரில் சேதி பஸ்ஸை விட வேகமாகப் போகும். வார்டுக்கு வந்த எந்தச் சொந்தக்காரரோ மாமனார் காதில் போட்டுவிட்டார் — "உம் மருமக ஆஸ்பத்திரியில உம்ம பேரை ஏலம் போடுது." மனுசன் பேச்சை நிறுத்திவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றாலும் பேரப்பிள்ளை மூலமாகத்தான் கேட்பாராம். காளீஸ்வரி அழவுமில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மாமா, என் வேலைக்காகச் சொன்னேன், நாளைக்கும் சொல்லுவேன் என்று ஒரே தடவை சொன்னாள். பிறகு புத்தகத்தை விரித்துக்கொண்டாள். பரீட்சை எழுதினாள், பாஸானாள், கவுன்சிலில் பதிவும் ஆனது. நெஞ்சில் "ஸ்டாஃப் நர்ஸ்" பேட்ஜ் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனபோதுகூட அவர் வாய் திறக்கவில்லையாம்.

இப்போது போன செவ்வாய்க்கு வருவோம். எனக்கு இந்தத் தடவை இடது கால். டிரஸ்ஸிங் ரூம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர், கூட லோடு ஆட்டோக்கார மகன். வயலில் துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டாராம். உள்ளே டியூட்டியில் காளீஸ்வரி. ட்ரேயோடு வெளியே வந்தவள் அவரைப் பார்த்தாள், ஒரு நொடி நின்றாள். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

"உங்க பேர் என்ன?"

பெரியவர் நிமிர்ந்தார். மகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உனக்குத் தெரியாதா?"

பல மாசத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

"தெரியும் மாமா. ஆனா நீங்க சொல்லணும்."

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, கிட்டத்தட்ட ரகசியம் மாதிரி, "முத்துக்கருப்பன்" என்றார்.

காளீஸ்வரி உள்ளே இருந்த நர்ஸிடம் சத்தமாகப் படித்தாள். "சி. முத்துக்கருப்பன், டி.டி. ஊசி." ட்ரேயில் ரெண்டு ஊசி இருந்தது. ஒன்றை எடுத்தாள். பெரியவர் மற்றதைக் காட்டி, அது யாருக்கு என்று கேட்டார்.

"அவுகளுக்கு" என்று என்னைக் காட்டினாள். "மெ. முத்துக்கருப்பன். வேற மருந்து."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டேன். ரெண்டு ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி, தோளைக் காட்டினார்.

ஊசி முடிந்து எழுந்தபோது, வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் முணுமுணுத்தார் — போன வாரமும் கேட்டாக, இந்த வாரமும் கேக்குறாக, ஒரு ஆளுக்கு எத்தனை தரம்தான் பேரு கேப்பாக என்று. பெரியவர் திரும்பினார்.

"கேட்டா சொல்லுங்கய்யா. என் மருமக காரணமில்லாமக் கேக்காது."

சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே நடந்துவிட்டார். காளீஸ்வரி அங்கேயே நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

அடுத்து என் முறை. நெகிழ்ச்சியில் நானே முந்திக்கொண்டு என் பேரை முழுசாகச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள் — "நான் இன்னும் கேக்கலைய்யா. உங்க பேர் என்ன?"