ஆரம்பாக்கத்தில் பாக்கியம் பாடிய பெயர்

உயிரோடிருந்த ஒரு பெண்ணைப் பாட்டு பாக்கியம் வேண்டுமென்றே செத்தவளாகப் பாடினாள் என்று கும்மிடிப்பூண்டியிலும் ஆரம்பாக்கத்திலும் பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் அண்ணன் சொல்லிக்கொடுத்துப் பாடினாள் என்கிறார்கள் சிலர். குடித்துவிட்டுப் பாடினாள் என்பவர்களும் உண்டு. எதுவும் உண்மையில்லை. பாக்கியம் தன் கையிலிருந்த சீட்டில் உள்ளதைத்தான் பாடினாள். அந்தச் சீட்டை எழுதியவள் நான்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் மகள் ரீட்டா தொலைபேசியில் அழைத்தாள். "டீச்சரம்மா, அம்மா பூட்ச்சி" என்றாள். பிறகு ஆஸ்பத்திரியில் யாரோ கட்டிலை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பாக்கியத்துக்கு ஐம்பத்திரண்டு வயதுதான். எனக்கு எழுபத்தாறு. என் சாவுக்கு அவள் பாடியிருக்க வேண்டும். நான் அவளுக்காக இதை எழுதும்படி ஆகிவிட்டது.

அவளை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாக்கியம் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. விடுமுறை நாட்களில் சாவு வீடுகளில் பாடுவாள். இறந்தவரின் பெயர், மனைவி மக்கள் பெயர், முன்பே இறந்துபோன உறவினர் பெயர் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் வாங்கிக்கொண்டு, பாட்டுக்குள் வைத்துப் பாடுவது இந்தப் பக்கத்து வழக்கம். உயிரோடிருப்பவர்கள் பாட்டில் அழுவார்கள். இறந்தவர்கள் அங்கே, மேலுலகத்து வாசலில் நின்று புதிதாக வருபவரை வரவேற்பார்கள்.

என் கணவர் இறந்தபோது, பாட்டே கூடாது என்றேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். சாவு வீட்டில் பாடுவதும் பறையடிப்பதும் எனக்கு ஒவ்வாதவை. என் கொழுந்தனார் கேட்காமல் பாக்கியத்தை அழைத்து வந்துவிட்டார். அவள் நேரே என்னிடம் வந்து, "ஐயா எத்தினி மணிக்கி காபி குடிப்பாரு?" என்று கேட்டாள். நாலரைக்கு என்றேன். தெருவில் பிணத்தைத் தூக்கும்போது, "நாலரைக்குக் காபி கேக்க நாளைக்கி நீ இல்லியேப்பா" என்று பாடினாள். அதுவரை அழாமல் நின்ற நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து நான் அவளுடைய ரசிகை. இந்த வயதில் இந்தச் சொல்லை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு சொல் பொருந்தவில்லை.

அன்று எங்கள் வீட்டில் கொடுத்த சீட்டை அவள் திணறித் திணறிப் படித்ததைப் பார்த்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவசரக் கிறுக்கல் அவளுக்குப் புரியாது. காரியம் முடிந்து அவளை அழைத்து, "இனிமேல் சீட்டை என்னிடம் கொண்டு வா, திருத்தி எழுதித் தருகிறேன்" என்றேன். திருவள்ளூர் நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருடம் தட்டச்சராக இருந்தவள் நான். சாட்சி சொன்னதைச் சொன்னபடி எழுதுவதுதான் என் வேலை. பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு எழுதிக் கொடுப்பேன். இறந்தவர்கள் பெயருக்கு முன்னால் ஒரு சிறிய சிலுவை போடுவேன். "நான் டீச்சர் அல்ல" என்று எத்தனை முறை சொன்னாலும், "இம்மா அழகா எழுதறவங்க டீச்சர் இல்லாம வேற இன்னா?" என்பாள்.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில், காலை ரயிலின் பெண்கள் பெட்டியில் அவள் பாடியதை யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தாளம் போட்டபடி பாடுகிறாள். ஒரு வாரத்தில் ஊரெல்லாம் அந்தக் குரல். ஒரு தொலைக்காட்சியிலிருந்து குரல் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். என்னிடம் வந்து, "டீச்சர், அங்க யாரு பேர பாடறது? யாரும் சாவலியே" என்றாள். நான் சிரித்தது அந்த வருடத்தில் அந்த ஒரு முறைதான்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆரம்பாக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. நிலபுலம் உள்ள குடும்பம். பெரியவர் இறந்திருந்தார். அந்தக் குடும்பத்தை எங்கள் இருவருக்கும் தெரியாது. பெயர்களை மகன் தொலைபேசியில் சொன்னார். பாக்கியம் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். நான் எழுதினேன்.

"அப்பறம் என் தங்கச்சி சுமதி. அது செத்துப்போச்சி."

"எப்போது?" என்று கேட்டேன். விவரம் விடுபடுவது எனக்குப் பிடிக்காது.

"ஆச்சிம்மா, மூணு வருசம்" என்றார்.

சுமதி என்று எழுதினேன். முன்னால் சிலுவை போட்டேன்.

வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகளை இந்தப் பக்கத்தில் செத்துவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். எனக்குத் தெரியாததல்ல. நீதிமன்றத்தில் அப்படிச் சொன்ன தகப்பன்களை எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். அன்று அது என் நினைவுக்கு வரவில்லை. சொன்னதை எழுதினேன்.

நடந்ததை வீடியோவில்தான் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுமதி கைக்குழந்தையோடு தெருக்கோடியில் நிற்கிறாள். வீட்டுக்குள் விடவில்லை. அப்பாவின் முகத்தைத் தூரத்திலிருந்தாவது பார்க்க வந்திருக்கிறாள். பாக்கியம் அவளைப் பார்த்ததேயில்லை. "மகளு சுமதி முன்னால பூட்டா, அப்பன் கைய புடிக்க அங்க நிக்கிறா" என்று பாடுகிறாள். கூட்டம் திரும்பிப் பார்க்கிறது.

"நான் இன்னா செத்தா பூட்டேன்? உசுரோட நிக்கிறவள பாடி அனுப்பறியா நீ?" என்று சுமதி கத்துகிறாள். அண்ணன் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எல்லோரும் பாக்கியத்தைப் பழித்தார்கள். பாக்கியம் சீட்டை ஒரு முறை பார்க்கிறாள். பிறகு நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்கிறாள்.

அன்று சாயங்காலம் நேரே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் எழுதியதுதான் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

"வேணாம் டீச்சர். செத்துச்சின்னு சொன்னது அவுங்க. கையில பேப்பர் இருந்தா போதும்னு பாடனது நானு. நிமிந்து பாத்திருந்தா அந்தப் பொண்ணு மூஞ்சி தெரிஞ்சிருக்கும். உங்களுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

அவள் தடுத்ததால் நான் சொல்லவில்லை என்று இத்தனை மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பிழை செய்யாதவள் என்று பெயர் எடுத்தவள் நான். அந்தப் பெயரை அவள் காப்பாற்றிக் கொடுத்தாள், நானும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொலைக்காட்சியில் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். சாவு வீட்டு அழைப்புகள் நின்றன. ஆலை வாசலில் அவளைப் பார்த்து, "யக்கா, எம் பேர கிம்பேர பாடிடாத, நான் இன்னும் சாவல" என்று ஆண்கள் சிரித்தார்கள். முதலில் அவளும், "நீ சாவு நைனா, இலவசமா பாடறேன்" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். ரயிலில் பாடுவதையும் நிறுத்தினாள். மழைக்காலத்தில் இருமல் தொடங்கியது, குறையவில்லை. சூளூர்பேட்டைப் பக்கம் சுமதி இருப்பதாகக் கேள்விப்பட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனாள். முதல் முறை கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறை வீடு மாறிப் போயிருந்தார்கள். "அந்தப் பொண்ணு ஒருவாட்டி என்னத் திட்டிட்டா தேவல, டீச்சர். மனசு ஆறும்" என்றாள். நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

அவள் சாவுக்குப் பாட யாரும் வரவில்லை. பறை அடிப்பவர் மட்டும் கேட்காமலே வந்து நின்றார். நான் சீட்டு எழுதி எடுத்துப் போயிருந்தேன். எனக்குப் பாட வராது. கல்லறையில் நின்று பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். எழுதும்போது ஒவ்வொரு பெயருக்கும் ரீட்டாவிடம், "இவர் இருக்கிறாரா?" என்று கேட்டேன். சலிக்காமல் பதில் சொன்னாள்.

அடக்கம் முடிந்து ரீட்டா ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டு வந்து கொடுத்தாள். ஏழு வருடமாக நான் எழுதிக் கொடுத்த சீட்டுகள் அத்தனையும் அதில் இருந்தன. ஆரம்பாக்கம் சீட்டைத் தேடினேன். இல்லை.

"அத அன்னிக்கே அடுப்புல போட்டுச்சி அம்மா" என்றாள் ரீட்டா. "எங்கியாவது கீய விழுந்தா டீச்சர் கையெழுத்துன்னு கண்டுபுடிச்சிருவாங்கன்னு சொல்லிச்சி."

தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே காகிதத்தை அவளே எரித்திருக்கிறாள். அதனால் என்னிடம் சான்று எதுவும் இல்லை. என் சொல்தான் இருக்கிறது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த டப்பாவும், நாலரை மணிக்குக் காபி கலக்கும்போதெல்லாம் கேட்கிற அந்த ஒரு வரியும். அவள் ஏற்றுக்கொண்ட பழியையும் இன்றிலிருந்து நான் வைத்துக்கொள்கிறேன். அது என்னுடையது.

சுமதி, இதை நீ படிக்காவிட்டாலும் யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். உன் பெயருக்கு முன்னால் சிலுவை போட்டது என் கை. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் விருப்பம். பாக்கியத்தின் மேல் உனக்கு இன்னும் கோபம் இருக்கிறதா என்பதை மட்டும் சொல். திட்டுவதானாலும் திட்டு. தொலைபேசி வேண்டாம். ஒரு காகிதத்தில் உன் கையால் எழுதி, கீழே உன் பெயரையும் எழுதி, இந்த இதழின் முகவரிக்கு அனுப்பு. எது வந்தாலும் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் ரீட்டாவிடம் படித்துக் காட்டிவிட்டு, அந்த டப்பாவில் ஆரம்பாக்கம் சீட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் வைப்பேன். பதில் எழுது.