பறவைக்கென்று கேட்டவர்

குளிர்காலத்தில் யாங்கோன் ஆற்றுக்குக் கடற்பறவைகள் வரும். அவற்றுக்குத் தீனி போடுவதற்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் மூவர் அக்கரைக்குப் போகும் படகில் ஏறினோம். தேய்த்த வெள்ளைச் சட்டையும் லுங்கியுமாகப் பக்கத்தில் ஒருவர் நின்றார். நாங்கள் பொரித்த மாவுத் துண்டுகளை வீசிப் படம் எடுத்துக்கொண்ட போதெல்லாம், "தாது, தாது" என்றார். பிறர் செய்யும் புண்ணியத்தைக் கண்டு மகிழ்ந்து பர்மாவில் சொல்லும் சொல் அது. எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தம்பி, ஒரு பொட்டலம் குடுங்க. நானும் பறவைக்குப் போடுறேன்" என்றார்.

கொடுத்தேன். ஒரேயொரு துண்டைத் தூர வீசிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"ஐயா, பறவை இந்தப் பக்கம்!" என்று நண்பன் கத்தினான்.

அவர் திரும்பவில்லை. தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நண்பனின் தோளை அழுத்தினேன்.

கரையில் இறங்கும்போது காலிப் பொட்டலத்தை நேர்த்தியாக மடித்து என்னிடம் தந்தார்.

"எல்லாம் வயிறாரத் தின்னுச்சுங்க, தம்பி. புண்ணியம் உங்களுக்குத்தான்."

அவர் மீசையில் துகள் ஒட்டியிருந்தது. என் பையில் இன்னும் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. "இதையும் பறவைக்குப் போடுங்க" என்று நீட்டினால், எனக்குத் தெரிந்துவிட்டதை அவர் கண்டுகொள்வாரோ என்று பையை மூடிக்கொண்டேன்.