ஜன்னல் வைத்த பிரெஞ்சு வண்டி

மோசல் ஆற்றங்கரையில், படுக்கையும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றும் வீட்டு வண்டிகளை நிறுத்தும் திடலில் கெர்னோட்டுக்கு ஒரே வேலைதான். மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வளைவில் திரும்பி வரும் வண்டி எந்தக் கம்பெனியுடையது என்று சொல்வது. டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓட்டுநரிடம் பேசாதே என்ற பலகைக்குக் கீழே வாய் மூடிக் கிடந்த வருடங்களுக்கெல்லாம் சேர்த்து இப்போது பேசித் தீர்க்கிறார்.

“மூக்கு சரிஞ்சிருக்கு பாரு. ஹைமர். தொண்ணூத்தஞ்சு மாடல்.”

“அதுக்குப் பேர் வச்சதே இவன்தானாம்!” என்பார் பக்கத்து வண்டி ருடி.

இந்த முறை வரும் வழியில் கெர்னோட் சிவப்பு விளக்கைத் தாண்டி ஓட்டிவிட்டார். மனைவி ஹைட்ருனுக்கு உயிரே போய்விட்டது. “கண் டாக்டர்கிட்ட காட்டு. அதுவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்.”

“என் கண்ணுக்கென்ன? ஒரு வண்டியைத் தப்பாச் சொன்னாலும் சாவி உனக்குத்தான், போ!”

மறுநாள் காலை மூன்று வண்டிகளைச் சரியாகச் சொன்னார். நான்காவதாக உயரமாய், வெள்ளையாய் ஒன்று வந்தது.

“அடடா! பழைய பிரெஞ்சு வண்டி. ரேப்பிடோ! பக்கத்துல எவ்வளவு பெரிய ஜன்னல் பாரு. இப்போ எவன் இப்படிச் செய்யறான்?”

வண்டி மணியடித்தது. அந்தப் பெரிய ஜன்னல் மேலே தூக்கிக்கொண்டது. சுடச்சுட ரொட்டி வாசம் வந்தது. தினமும் எட்டு மணிக்கு வரும் ரொட்டி வண்டி! நேற்றுகூட அதில்தான் நான்கு பன் வாங்கினார் மனுஷன்.

“உள்ள எத்தனை பேர் படுக்கலாம், கெர்னோட்?” ருடிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “நானூறு பன்னு படுக்குமா?”

கெர்னோட் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ச் சாவியை எடுத்துவந்து ஹைட்ருன் கையில் வைத்தார். ஜெயித்தும் அவளுக்கு மனசே ஆறவில்லை.

ஊர் திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். எதிரே வரும் வீட்டு வண்டிக்குக் கை காட்டாவிட்டால் பெரிய மரியாதைக் குறைவு. கெர்னோட்டின் கையோ மடியிலேயே கிடந்தது.

“கையைத் தூக்கு. டெத்லெஃப்ஸ் வருது. ரெண்டாயிரத்து மூணு மாடல்.”

அவர் திரும்பிப் பார்த்தார். “உனக்கு எப்படித் தெரியும்?”

“முப்பது வருஷமா காதுக்குள்ள இடிச்சா கல்லுக்கும்தான் தெரியும். தூக்குன்னா தூக்கேன்!”

தூக்கினார். ஏதோ வெள்ளையாகக் கடந்து போனது.

“அவன் காட்டினானா?”

“ரெண்டு கையாலயும்,” என்றாள் ஹைட்ருன்.